திரையில் நடை சரி, விசைக் கணக்கு மட்டும் ஏன் உதைக்கிறது?

கேள்வி: 65 கிலோ எடையுள்ள ஒருவரின் நடையை உடலில் ஒட்டிய மார்க்கர் குறிகளைப் படம்பிடிக்கும் கேமராக்களாலும், காலடி விசையை அளக்கும் ஒரே ஒரு ஃபோர்ஸ் பிளேட்டாலும் பதிவு செய்து, உடலசைவைக் கணக்கிடும் ஓபன்சிம் மென்பொருளில் கெயிட்2392 என்ற எலும்பு-தசை மாடலைக் கொண்டு ஓட்டினேன். இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸ் முடிந்ததும் எலும்புக்கூடு அழகாக நடக்கிறது. ஆனால் இன்வர்ஸ் டைனமிக்ஸில் இடுப்புக்கான கட்டங்களில் 600 நியூட்டனுக்கு மேல் விசை காட்டுகிறது. முழங்கால் திருப்புத்திறன் கோடு ரம்பப் பல்லாக வருகிறது. வேறு மாடலுக்கு மாற வேண்டுமா? (பயோமெடிக்கல் முதுகலை மாணவி)

பதில்: மாடலை மாற்ற வேண்டாம். சாதாரண நடைக்கு கெயிட்2392 தாராளமாகப் போதும். கோளாறு நீங்கள் கொடுத்த தரவில் இருக்கிறது. அது எங்கே என்பதை அந்த 600 நியூட்டனே சொல்லிவிடும்.

முதலில், எலும்புக்கூடு அழகாக நடப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸ் வெறும் வடிவியல். பதிவான மார்க்கர்களுக்கு மாடலின் மார்க்கர்களை முடிந்தவரை நெருக்கமாகக் கொண்டுபோய் வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. எடை, விசை எதுவும் அதற்குத் தெரியாது. இன்வர்ஸ் டைனமிக்ஸ்தான் மூட்டுக் கோணங்களை இரண்டு முறை வகையிட்டு முடுக்கம் கண்டு, தரையின் எதிர்விசையையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. நிஜத்தில் மனிதரின் இடுப்பை எந்தக் கம்பியும் தரையோடு பிணைத்திருக்கவில்லை. மாடலில் மட்டும் இடுப்புக்கும் தரைக்கும் நடுவே ஆறு இயக்கங்கள் கொண்ட இணைப்பு உண்டு. அங்கே வரவேண்டிய விசை பூஜ்யம். பூஜ்யம் வரவில்லை என்றால், அசைவும் எடையும் தரைவிசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அந்த மிச்சத்தைத்தான் ரெசிடுவல் என்கிறோம்.

இப்போது எண்ணைப் படியுங்கள். 65 கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் 638 நியூட்டன். இடுப்பின் செங்குத்து விசை நடை முழுவதும் 638-ஐச் சுற்றியே நின்றால், தரைவிசைக் கோப்பு கணக்கில் சேரவே இல்லை. வெளிவிசைகளைச் சேர்க்கும் எக்ஸ்டர்னல் லோட்ஸ் பெட்டியை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள், அல்லது அந்தக் கோப்பின் நேரமும் அசைவுக் கோப்பின் நேரமும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. கால் பிளேட்டில் இருக்கும்போது மட்டும் அது ஏறத்தாழ இரட்டிப்பாகி 1,300-ஐ நெருங்கினால், குறி தலைகீழ். சில ஃபோர்ஸ் பிளேட்டுகள் கால் பிளேட்டை அழுத்தும் விசையைத் தரும். நமக்கு வேண்டியது பிளேட் காலைத் தள்ளும் விசை.

செங்குத்தில் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் உடல் எடை அளவு விசை தெரிந்தால் அச்சுத் திருப்பத்தைப் பாருங்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் இசட் அச்சு மேல்நோக்கி இருக்கும். ஓபன்சிம்மில் ஒய் அச்சுதான் மேல்நோக்கி. எக்ஸ் அச்சைச் சுற்றி மைனஸ் 90 டிகிரி திருப்ப வேண்டும்: புதிய ஒய் என்பது பழைய இசட், புதிய இசட் என்பது பழைய ஒய்-க்கு எதிர்க்குறி. மார்க்கர்களைத் திருப்பிவிட்டு விசையை மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. விசை, அது படும் புள்ளி, பிளேட்டின் முறுக்கம் மூன்றுக்கும் இதே திருப்பம் வேண்டும்.

விசைகள் சரியாக இருந்து திருப்புத்திறன் மட்டும் லட்சக்கணக்கில் எகிறினால், புள்ளி மில்லிமீட்டரில் போயிருக்கிறது. ஓபன்சிம் 450 மி.மீ-ஐ 450 மீட்டராக எடுத்துக்கொள்ளும். மார்க்கர் கோப்பின் தலைப்பில் அலகு எழுதப்பட்டிருப்பதால் மென்பொருளே அதை மாற்றிக்கொள்கிறது. விசைக் கோப்புக்கு அந்த வசதி கிடையாது.

செங்குத்து ரெசிடுவல் சுமார் 100 நியூட்டனில் அசையாமல் நின்றால், ஸ்கேலிங்கில் (பொது மாடலை அந்த நபரின் அளவுக்குப் பொருத்தும் படியில்) எடையைக் கொடுக்கவில்லை. பொது மாடலின் எடை 75.16 கிலோ. உங்களவரோடு ஒப்பிட்டால் சுமார் பத்துக் கிலோ அதிகம்.

உங்களிடம் ஒரு பிளேட்தான் இருக்கிறது என்பதால் இன்னொன்றையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு நடைச் சுழற்சியில் ஒரு கால் தரையில் இருக்கும் நேரம் சுமார் 60 சதவீதம். அதில் தொடக்கத்திலும் முடிவிலும் சுமார் பத்துப் பத்து சதவீதம் இரண்டு கால்களும் தரையில் இருக்கும். அப்போது மறுகாலின் விசை உங்கள் தரவில் இல்லை. அந்தக் குறை முழுவதும் இடுப்பில் ரெசிடுவலாக விழும். எந்த ஃபில்டரும் இதைச் சரிசெய்யாது. பிளேட்டில் ஒற்றைக் கால் நிற்கும் நடுப் பகுதி, சுமார் 40 சதவீதம், அதை மட்டும் முடிவுகளில் காட்டுங்கள். முழுச் சுழற்சியும் வேண்டுமென்றால் கூடுதல் பிளேட்டுகளோடு மறுபடி பதிவு செய்வதுதான் நேர்மையான வழி.

இனி ரம்பப் பல். இது ஃபில்டர் செய்யாததன் அடையாளம். 1 மி.மீ. வீச்சுள்ள இரைச்சல் 1 ஹெர்ட்ஸில் இருந்தால் அது தரும் முடுக்கம் வெறும் 0.04 மீ/வி². அதே 1 மி.மீ. 20 ஹெர்ட்ஸில் இருந்தால் கிட்டத்தட்ட 16 மீ/வி², அதாவது புவியீர்ப்பைவிட அதிகம். அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதால் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்கூடக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. இன்வர்ஸ் டைனமிக்ஸ் பெட்டியிலேயே கோணங்களை வடிகட்டும் இடம் உண்டு. நடைக்கு 6 ஹெர்ட்ஸ் கொடுங்கள். ஓட்டம், குதிப்புக்கு இது குறைவு.

ஸ்கேலிங்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அசையாமல் நிற்கும் பதிவில் எலும்பு முனை மார்க்கர்களின் பிழை 2 செ.மீ-க்குள்ளும், மொத்த ஆர்.எம்.எஸ். பிழை (எல்லா மார்க்கர் பிழைகளின் இருமடிச் சராசரியின் வர்க்கமூலம்) 1 செ.மீ-க்குள்ளும் இருக்க வேண்டும். நடையில் ஆர்.எம்.எஸ். 2 செ.மீ-க்குள் இருந்தால் போதும். இடுப்பின் முன்பின் எலும்பு முனைகள், கணுக்கால் மொட்டு ஆகியவற்றுக்கு அதிக வெயிட் கொடுங்கள். தொடை மார்க்கர்களுக்குக் குறைவாக. தொடைச் சதை எலும்பின்மேல் சில சென்டிமீட்டர் வழுக்கும். பாதத்தில் ஓரிரு மார்க்கர்தான் ஒட்டியிருந்தால் கணுக்காலுக்குக் கீழுள்ள சப்டேலார் மூட்டையும் விரல் மூட்டையும் லாக் செய்துவிடுங்கள்; இல்லையென்றால் அவை கண்டபடி திரும்பும்.

ரெசிடுவல் பிடிக்கவே பிடிக்காத ஒரு தவறு உண்டு. வலது காலுக்கு உரிய விசையை இடது பாதத்தில் ஏற்றிவிட்டால், உடல்மேல் படும் மொத்த விசை மாறுவதில்லை. இடுப்புக் கட்டங்கள் சுத்தமாகவே இருக்கும். மூட்டுகளின் எண்கள் மட்டும் முழுக்கப் பொய்யாகும். எனவே காற்றில் வீசும் காலின் கணுக்கால் திருப்புத்திறனைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஊன்றிய காலில், தள்ளி எழும் நேரத்தில், கிலோவுக்கு ஏறத்தாழ 1.5 நியூட்டன்-மீட்டர், உங்களவருக்கு 100-ஐ ஒட்டி வர வேண்டும்.

இவ்வளவையும் திருத்திய பிறகு மிஞ்சும் சிறு ரெசிடுவலுக்குத்தான் ஆர்.ஆர்.ஏ. என்னும் ரெசிடுவல் குறைப்புக் கருவி. உடற்பகுதியின் நிறை மையத்தையும் அசைவையும் அது சற்றே நகர்த்திப் பொருத்தும். ஆய்வாளர் ஹிக்ஸ் குழுவினர் 2015-இல் பரிந்துரைத்த வரம்பு: ரெசிடுவல் விசை, உச்சத் தரைவிசையில் 5 சதவீதத்துக்குள். உங்கள் கணக்கில் சுமார் 35 நியூட்டன். கோணங்கள் 2 டிகிரிக்கு மேல் மாறினால்தான் அந்த வரம்புக்குள் வருகிறது என்றால் கருவியை நிறுத்திவிட்டு விசைக் கோப்புக்குத் திரும்புங்கள். தசை விசைக் கணக்கை அதுவரை தொடாதீர்கள்.