அவன் காதில் விழாத பேச்சு

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிறவியிலேயே காது கேட்காது. 3 வயதில்தான் கண்டுபிடித்தோம். கணக்கில் கெட்டி. ஆனால் தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்றே நினைக்கிறான். தங்கை தெரியாமல் இடித்தாலும் வேண்டுமென்றே இடித்தாள் என்று சண்டை. 'அடுத்தவர் மனசு புரியாத பிள்ளை' என்கிறார் ஆசிரியை. புத்தியில் குறையா?
- ஒரு தாய், மன்னார்குடி பக்கம்

பதில்: புத்தியில் குறை இல்லை, அம்மா. மனசைப் பற்றிய பேச்சு அவனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்களாம்" என்று திண்ணையில் ஒருவர் சொல்கிறார். அந்த 'ஆம்' போதும், அவர் பார்க்கவில்லை, யாரோ சொல்லிக் கேட்டது என்று தெரிந்துவிடும். "நம்ம வாய்க்காலுக்கு வந்துடும்னு நினைச்சேன், வரலையே" என்கிறார் இன்னொருவர். நினைப்பு வேறு, நடப்பு வேறு என்பதைக் காது கேட்கும் பிள்ளை பக்கத்தில் விளையாடிக்கொண்டே பிடித்துக்கொள்கிறது. உங்கள் மகனுக்குக் கிடைப்பது 'வா', 'சாப்பிடு', 'போ' என்ற ஜாடை மட்டும் என்றால், பாவம், அவன் இதை எங்கே கற்பான்?

ஒருவர் இல்லாதபோது ஒரு பொருளை இடம் மாற்றிவிட்டு, திரும்பி வந்ததும் அவர் எங்கே தேடுவார் என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. காது கேட்கும் பிள்ளைகள் நாலைந்து வயதில் 'முதலில் இருந்த இடத்தில்தான்' என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். 1995-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 8 முதல் 13 வயதுள்ள காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் தவறாகச் சொன்னார்கள். ஆனால் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, கைக்குழந்தையிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கும் காது கேட்காதுதான். வீட்டில் மொழி இருந்தது.

வயது போய்விட்டதே என்று மலைக்காதீர்கள். நிகரகுவா நாட்டில் 'நினை', 'தெரியும்' போன்ற சைகைகளை வளர்ந்த பிறகு பழகிய பெரியவர்களே இதில் தேறியிருக்கிறார்கள்.

வீட்டிலேயே தொடங்குங்கள். பாட்டி கொல்லைப்பக்கம் போனதும் வெற்றிலைச் செல்லத்தை ஜன்னலிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள், அவன் பார்க்கட்டும். அப்புறம் ஒரு தாளில் பாட்டியை வரைந்து, தலைக்கு மேல் ஒரு மேகம் போட்டு, அதற்குள் ஜன்னலை வரையுங்கள். பாட்டி வந்து ஜன்னலில் துழாவும்போது அவன் முகத்தைப் பாருங்கள். தங்கையோடு சண்டை வந்தாலும் இதே மேகம்தான்: அவள் என்ன நினைத்தாள், இவன் என்ன நினைத்தான்.

முக்கியமாக, இந்திய சைகை மொழியை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். எங்கே கற்கலாம் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். காது கேளாத பெரியவர்களோடும் அவன் பழகட்டும். வகுப்புக்குப் போகும்போது அவன் அப்பாவையும் தங்கையையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.