எச்.ஓ. (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயிலுக்கு ஸ்டேஷன் கட்டி, தண்டவாளத்துக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி? வீடு குளச்சல் பக்கம், கடல்காற்று உண்டு

முதலில் வேலை வரிசை: வயர் பற்றவைப்பு, பெயிண்ட், ஜல்லி, கடைசியில்தான் பிளாட்பாரம். பிளாட்பாரத்தை முதலிலேயே ஒட்டிவிட்டால் அந்தப் பக்கத் தண்டவாளத்துக்குப் பிரஷ் போகாது. அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும், எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய பலகை) உங்கள் ஊர் ஈரத்தில் உப்பிவிடும்.

தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர் சால்டர் செய்யுங்கள். இணைப்புத் தகட்டை மட்டும் நம்பினால், பெயிண்ட் உள்ளே இறங்கியோ உப்புக்காற்றில் களிம்பேறியோ கரண்ட் நின்றுபோகும்.

தண்டவாளப் பக்கவாட்டுக்கு பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) 2 பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 1 பங்கு, கறுப்பு ஒரு துளி. அடியில் சாம்பல் ப்ரைமர் அவசியம். வெறும் உலோகத்தில் அக்ரிலிக் உரிந்து வரும். ஸ்லீப்பர் கான்கிரீட் என்பதால் சாம்பலில் கொஞ்சம் காக்கி கலந்த நிறம். வெள்ளையடித்தால் பொம்மை மாதிரிதான் இருக்கும். காய்வதற்குள் தண்டவாளத்தின் மேல்முகத்தை, மரக்கட்டையில் துணி சுற்றி ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள். ஸ்பிரே டப்பா என்றால் சாரல் நாளில் தொடவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் நாளில் 11 மணிக்கு மேல் அடிக்கலாம்.

பாயிண்ட்ஸில்தான் (தடம் பிரியும் இடம்) பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நாக்கின் (அங்கே நகரும் தண்டவாளத் துண்டு) நுனி, அது போய் ஒட்டும் தண்டவாள முகம், கீல் மூன்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பெயிண்ட் கரண்டைத் தடுக்கும். எஞ்சின் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கும்.

ஜல்லிக்குக் கடற்கரை மணல் கூடவே கூடாது. மணவாளக்குறிச்சி பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைட் என்ற இரும்பு கலந்த கனிமம் இருக்கிறது. காந்தம் அதை இழுக்கும், எஞ்சின் மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. உப்பு வேறு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, கழுவி, காயவைத்து, மேலே ஒரு காந்தத்தை ஓட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். நிஜ ஜல்லி 20 முதல் 65 மி.மீ.; 87-இல் ஒரு பங்கில் அது 0.23 முதல் 0.75 மி.மீ. பரப்பியபின் ஆல்கஹால் தெளித்து, ஃபெவிகால் 1 பங்குக்குத் தண்ணீர் 2 பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு கலந்து டிராப்பரால் விடுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை முத்துமுத்தாக நின்று ஜல்லியைக் கட்டிகட்டியாக்கும்.

உயர் பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலிருந்து 760–840 மி.மீ.; மாடலில் 9 மி.மீ. வையுங்கள். தடத்தின் மையத்திலிருந்து விளிம்புக்குக் கணக்குப்படி 19.3 மி.மீ. வரும், ஆனால் நம் கோச்சின் பாதி அகலமே 18.7. எனவே நேர்த்தடத்தில் 21 கொடுங்கள். வளைவில் உங்களிடம் உள்ள மிக நீளமான கோச்சைத் தள்ளிப் பார்த்தே விளிம்பை வெட்டுங்கள். 5 ஐ.சி.எஃப். (சென்னை பெரம்பூர் தொழிற்சாலை வகை) கோச்சும் ஒரு எஞ்சினும் நிற்க 1.6 மீட்டர் வேண்டும். நம் அகலப்பாதை 1676 மி.மீ., மாடலில் 19.3 ஆக வேண்டியது, கிடைப்பதோ 16.5. தடம் ஒடுங்கித்தான் தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டடச் சுவருக்கு 3 மி.மீ. சன்போர்டு (பி.வி.சி. நுரை அட்டை), கதவு உயரம் 24 மி.மீ. தெர்மாகோல் வேண்டாம், ஸ்பிரே பட்டால் கரையும். மஞ்சள் பெயர்ப்பலகையை லேசர் பிரிண்டரில் எடுங்கள். இங்க்ஜெட் எழுத்து ஈரத்தில் ஊறிப் பரவும்.