சர்டிபிகேட் இருக்கிறது, அனுபவம் இல்லை: பெங்களூரில் வேலை தேடுபவர்களுக்குப் பதில்கள்

பெங்களூரு வந்து வேலை தேடும் நம்மூர்ப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. நான் ஹெல்ப்டெஸ்க்கில் ஆரம்பித்து 11 வருடமாக இங்கே நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். இப்போது எங்கள் டீமுக்குப் புதியவர்களை இன்டர்வியூ எடுப்பதும் என் வேலை.

அண்ணா, சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சர்டிபிகேட்) பாஸ் பண்ணிவிட்டு 3 மாதமாக மடிவாளாவில் பிஜி விடுதியில் இருக்கிறேன். போகிற இடமெல்லாம் ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ என்கிறார்கள். என்ன செய்வது?

ராத்திரி ஷிப்டில் உங்களைத் தனியாக விட்டால் சமாளிப்பீர்களா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள், தம்பி. நான் எல்லோரிடமும் ஒன்று கேட்பேன்: ‘நெட் வரலைன்னு ஒருத்தர் போன் பண்றார். அவர் சிஸ்டத்தில் ஐபி அட்ரஸ் 169.254 என்று ஆரம்பிக்கிறது. என்ன பண்ணுவீங்க?’ நிறையப் பேர் நெட்வொர்க் பாடத்தில் வரும் ஓஎஸ்ஐயின் 7 லேயரையும் ஒப்பிப்பார்கள். போன வருடம் வந்த ஒரு பெண், “ஐபி அட்ரஸ் கொடுக்கிற டிஎச்சிபியிடமிருந்து அட்ரஸ் வரவில்லை சார். பக்கத்து சீட்டுக்காரருக்கும் இப்படியா என்று முதலில் கேட்பேன். அவருக்கு மட்டும் என்றால் கேபிள், போர்ட் பார்ப்பேன். அந்த மாடி முழுக்க என்றால் சர்வர் பக்கம் போவேன்” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீட்டு ரௌட்டரில் டிஎச்சிபியை அணைத்துப் பார்த்தாளாம். டிவியில் நெட் வராமல் அப்பா சத்தம் போட்டாராம். அனுபவம் ஒரு நாள்கூட இல்லாத அந்தப் பெண்ணை எடுத்தோம்.

கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். நீங்களே ஒரு நெட்வொர்க்கைக் கெடுத்து, நீங்களே சரிசெய்யுங்கள். என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நாலு நாலு வரி எழுதி வையுங்கள். அப்படி 5 சேர்ந்ததும் ரெஸ்யூமேயில் சர்டிபிகேட்டுக்கு மேலே போடுங்கள்.

அடுத்து ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்), அஷூர் (மைக்ரோசாப்ட் கிளவுட்) தேர்வுகள் இரண்டும் எழுதட்டுமா?

வேண்டாம், இப்போதைக்கு இருப்பது போதும். ஏடபிள்யூஎஸ்ஸில் கிளவுட் பிராக்டிஷனர், அஷூரில் ஏஇசட்-900 எல்லாம் அடிப்படைத் தேர்வுகள். அந்தப் பணம் உங்கள் 1 மாத பிஜி வாடகைக்கு உதவும். சிசிஎன்ஏ 3 வருடம்தான் செல்லும், அதற்குள் வேலையில் உட்காரப் பாருங்கள்.

பிடிஎம் லேஅவுட்டில் ஒருவர், பணம் கொடுத்தால் 2 வருட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தருவதாகச் சொல்கிறார். ரூம்மேட் வாங்கிவிட்டான்.

தயவுசெய்து வாங்காதீர்கள். பேக்ரவுண்ட் வெரிபிகேஷனில் யுஏஎன் எண்ணை, அதாவது உங்கள் பிஎஃப் எண்ணை, வாங்கிப் பார்க்கிறார்கள். எந்த கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்பது அதில் வந்துவிடும். முன்பு என் பக்கத்து டீமில் இப்படி லெட்டர் வாங்கிய ஒரு பையன் சேர்ந்து 8 வாரம் நன்றாகவே வேலை பார்த்தான். ஒருநாள் மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. சாயங்காலத்துக்குள் லேப்டாப்பையும் ஐடி கார்டையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கீழே டீக்கடையில் டம்ளரைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். வேலை தெரிந்த பையன், அதுதான் இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம், டெபாசிட் கட்டினால் வேலை என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன், 2 வருட கேப். ஹெல்ப்டெஸ்க்கில் சேர்ந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வேனா?

சேருங்கள். டிக்கெட்டை (பதிவான புகாரை) மேலே இருக்கும் டீமுக்குத் தள்ளிவிட்டு மறந்துவிட்டால்தான் மாட்டிக்கொள்வீர்கள். மேலே இருப்பவர் அதை எப்படி முடித்தார் என்று மறுநாள் படித்துப் பாருங்கள். காண்ட்ராக்ட் வேலை என்றால் யாருடைய பேரோல் (சம்பளம் போடுவது எந்த கம்பெனி), பிஎஃப் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்னடம் தெரியாது, பரவாயில்லையா?

ஆபீசுக்கு இங்கிலீஷ் போதும். ஆனாலும் கற்றுக்கொள்ளுங்கள், நமக்குச் சோறு போடுகிற ஊர்.

அண்ணா, நைட் ஷிப்ட் என்றதும் அம்மா பயப்படுகிறார். பெண்களுக்கு வண்டி தருவார்களா?

கர்நாடகத்தில் பெண்களை ராத்திரி ஷிப்டில் வைத்தால் போக வர வண்டி ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு, தங்கச்சி. வீட்டு வாசல் வரை வருமா என்று எச்ஆரிடம் கேளுங்கள். ஆபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் பதிலை மெயிலில் வாங்கி அம்மாவிடம் காட்டுங்கள்.