கோத்தகிரியை விட்டு டேராடூன் போகலாமா?

கேள்வி: லீவு கிடைத்தால் மலையேறக் கிளம்பிவிடுகிற ஆள் நான். டேராடூனில் வேலை வந்திருக்கிறது, இமயமலை பக்கத்திலேயே என்று மனசு துடிக்கிறது. போகலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: ஆசை நியாயமானதுதான். ஆனால் டேராடூன் இருப்பது பள்ளத்தாக்கில், சுமார் 640 மீட்டர் உயரத்தில். உங்கள் ஊரோ 1,800 மீட்டருக்குப் பக்கம், அதனால் மே மாதம் டேராடூனில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் வியர்க்கும். முசூரி என்ற மலைவாசஸ்தலம் கிட்டத்தில்தான், சரி. பனிமலைப் பாதைகள் தொடங்கும் ஊர்களுக்குப் பல மணி நேரம் ஜீப்பில் போக வேண்டும், ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு வந்து ரோடு அடைபட்டால் அதுவும் நடக்காது. மலையேறுபவர்கள் விரும்பிப் போகும் இமயமலையின் மலர்ப் பள்ளத்தாக்கும் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். அப்புறம், சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு தருவார்களா என்று முதலில் கேளுங்கள். தருவார்கள் என்றால் தயங்காமல் கிளம்புங்கள்.