ஆயில் பரிசோதனை: சேலம் ஆலைக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

சேலம் சுற்றுவட்டார ஆலைகளில் கியர்பாக்ஸ், பம்ப், கம்ப்ரஸர் என்று இருபத்தாறு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். ஆயில், கிரீஸ் பரிசோதனை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை: அண்ணா, கிழங்கு அரைக்கிற மெஷின் கியர்பாக்ஸ்ல ஆயில் பால் மாதிரி ஆயிடுச்சுங்க. மாத்தி இருபது நாள்ல மறுபடி அதே கதை. லேபுக்கு அனுப்பலாங்களா?

பால் நிறம் வந்தபிறகு லேபுக்கு அனுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை தம்பி, அது தண்ணீர்தான். ஆயில் கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதுவரை தெளிவாகவே தெரியும், தாங்கும் அளவு தாண்டினால்தான் மங்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது பேரிங் பல நாள் ஈரத்தில் ஓடி முடித்திருக்கும்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். வேலை முடிந்ததும் மாவுப்பால் போக ஹோஸ் பிடித்து மெஷினைக் கழுவுவீர்கள், இல்லையா? கியர்பாக்ஸ் அப்போது நல்ல சூட்டில் இருக்கும். மேலே பச்சைத் தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்கிற காற்றுப்போக்கி வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வெளி ஈரத்தை உள்ளே இழுக்கும். நான் இருந்த ஓர் ஆலையில் இதே காரணத்தால் பேரிங் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். உள்வளையத்தில், ராத்திரி உருளைகள் நின்ற இடைவெளிக்குச் சரியாக, வரிசை வரிசையாகத் துருக்கோடு. அதைப் பார்த்த அன்றுதான் கழுவுகிற முறையை மாற்றினோம். கியர்பாக்ஸ் மேல் ஒரு தகர மூடி போடுங்கள், சூடு ஆறியபிறகு கழுவச் சொல்லுங்கள், சாதா பிரீதரை எடுத்துவிட்டு ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பிரீதர் மாட்டுங்கள்.

இனி ஆயில் மங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு தகட்டை 130 முதல் 150 டிகிரிவரை சூடாக்கி ஒரு சொட்டு விடுங்கள். கடுகு மாதிரிப் பொரிந்தால் 500, 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) மேல் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், தெறிக்கும். பொரியவில்லை என்பதால் ஈரமே இல்லை என்று ஆகாது. அதற்குக் கீழே உள்ள அளவைச் சொல்லத்தான் லேபில் கார்ல் ஃபிஷர் சோதனை இருக்கிறது.

செட்டிச்சாவடி பக்கம், மேக்னசைட் லோடர்: சார், என்ஜின் ஆயில் ரிப்போர்ட்ல இரும்பு 95, சிலிக்கான் 38, மக்னீசியமும் ஏறியிருக்கு. அலுமினியம் ஏறல, அதனால தூசி இல்லனு சொல்றாங்க. நம்பலாமா?

நம்பாதீர்கள். சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் தூசி என்பது பொதுவான கணக்கு. சாதாரண மண்ணில் இரண்டுமே இருப்பதால் வந்த கணக்கு அது. நம்ம ஊர் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், டுனைட் என்கிற பாறைக்குள் ஓடுகிறது. அந்தப் பாறையில் மக்னீசியமும் சிலிக்காவும்தான் அதிகம், அலுமினியம் மிகக் குறைவு. அதனால் அங்கே தூசி புகுந்தால் சிலிக்கானும் மக்னீசியமும் ஜோடியாக ஏறலாம், அலுமினியம் பேசாமல் இருக்கலாம்.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டாம். சில என்ஜின் ஆயில்களில் கழுவும் சேர்மானமாகவே மக்னீசியம் இருக்கும். நுரை தடுக்கிற சேர்மானத்திலும், என்ஜின் பிரித்து மாட்டும்போது தடவுகிற சீலன்ட்டிலும் சிலிக்கான் உண்டு. ஆகவே அதே டிரம்மிலிருந்து புது ஆயில் ஒரு பாட்டில் சேர்த்து அனுப்புங்கள். அந்த எண்ணைக் கழித்தபிறகு மிச்சம் நிற்பதுதான் வெளியிலிருந்து வந்தது. இந்த 95 எத்தனை மணி நேரத்து ஓட்டத்தில் வந்தது என்பதையும் எழுதுங்கள். 250 மணிக்கு 95 வேறு, 500 மணிக்கு 95 வேறு.

ரிப்போர்ட் வரும்வரை ஒரு வேலை செய்யலாம். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். ஃபில்டர் தாண்டிய இடம் அது, துணி சுத்தமாகவே வரவேண்டும். சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டினால் கிளாம்ப் தளர்ந்திருக்கும், இல்லை ஃபில்டரைத் தரையில் தட்டித் தட்டிக் காகிதம் கிழிந்திருக்கும்.

சங்ககிரி: அண்ணா, டிரெயின் பிளக்கைக் கழற்றி சாம்பிள் புடிச்சோம். ரிப்போர்ட் பார்த்து முதலாளி பயந்துட்டாரு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் அடிப்பிடித்த சோற்றை எடுத்துப் பார்த்தால் எப்படி? ஆயில் தேங்குகிற சம்ப் அடியில் பல வருடத்து வண்டல் கிடக்கும். மெஷின் ஓடும்போதோ, நிறுத்திய கால் மணி நேரத்துக்குள்ளோ, ஆயில் மட்டத்தின் நடுவிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள். பைப்பில் எடுப்பதாக இருந்தால் ஃபில்டருக்கு முன்னால். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே முறை.

மேட்டூர் ரோடு, கிரஷர்: இரும்பு வெறும் 40 பிபிஎம்னு வந்துச்சு. அடுத்த மாசமே கியர் பல் உடைஞ்சுடுச்சு. அப்போ இந்த டெஸ்ட்டே வேஸ்ட்டா சார்?

வேஸ்ட் இல்லை, அந்த டெஸ்ட்டுக்குப் பார்வை அவ்வளவுதான். இந்த பிபிஎம் எண்ணைச் சொல்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஐந்து முதல் எட்டு மைக்ரான்வரை உள்ள துகள்தான் ஒழுங்காகத் தெரியும். பல்லோ பேரிங்கோ களைத்துச் செதில் செதிலாகப் பெயரும்போது துகள் அதைவிடப் பெரிது. அந்த எண் ஏறாமலே கியர் செத்துப்போகும். கிரஷர் மாதிரி அடி வாங்குகிற கியர்பாக்ஸுக்குக் காந்த ஈர்ப்பை அளக்கும் பிக்யூ எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். அது எகிறி இரும்பு பிபிஎம் அப்படியே நின்றால் உடனே ஃபெரோகிராஃபி, அதாவது துகளைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற சோதனை. கையில் காசில்லை என்றால் காந்த டிரெயின் பிளக்கை மாதம் ஒருமுறை பாருங்கள். மை மாதிரிக் குழைந்தால் சாதாரணத் தேய்மானம், விரலில் குத்துகிற மாதிரிச் செதில் இருந்தால் மெஷினை நிறுத்துங்கள்.

ஏற்காடு, காப்பித் தோட்டம்: சார், காப்பிப் பழத்தோல் உரிக்கிற பல்பருக்கான ஜெனரேட்டர் பழம் பறிக்கிற சீசன்ல மட்டும்தான் ஓடும். ஆயில் அளவு குறையவே இல்லை. வருஷா வருஷம் மாத்தணுமா?

மாற்ற வேண்டும் மேடம், அதுவும் சீசன் முடிந்த உடனே. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். மலை மூடுபனியில் அதை ஒன்பது மாதம் உள்ளேயே விட்டால் பேரிங்கை அரிக்கும். அளவு குறையவில்லை என்பதிலும் ஒரு விஷயம் இருக்கலாம். லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினால் எரியாத டீசல் என்ஜின் ஆயிலோடு கலக்கும், அளவு குறையாது. உங்களிடம் காப்பி ஃபில்டர் காகிதம் இருக்குமே, அதில் டிப்ஸ்டிக் சொட்டு ஒன்று விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். கறுப்பு சீராகப் பரவியிருந்தால் ஆயில் புகைக்கரியைத் தாங்குகிறது. நடுவில் கறுப்பு கெட்டியாக நின்று ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் ஆயில் களைத்துவிட்டது. வெளியே வெளிர் வளையம் தெரிந்தால் டீசல் என்று சந்தேகப்படுங்கள். ஆயில் கறுத்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், டீசல் என்ஜினில் அது சீக்கிரமே கறுக்கும்.

ஓமலூர், நூற்பாலை: மோட்டார் பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ் அண்ணா? பழசு வெளிய வர்ற வரைக்கும் அடினு பெரியவங்க சொல்றாங்க.

அப்படி அடித்துத்தான் நிறைய மோட்டார் பேரிங் சூடேறிப் போகிறது. பேரிங்கின் வெளிவிட்டம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் பெருக்கி, 0.005ஆல் பெருக்குங்கள். வருவது கிராம். 6310 பேரிங் என்றால் 110, 27, ஏறக்குறைய 15 கிராம். கன் ஒரு அழுத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்பதைத் தராசில் ஒரே ஒருமுறை பார்த்து, கன் மேலேயே எழுதி வையுங்கள்.

நிறம் பார்த்து கிரீஸ் சேர்க்காதீர்கள், அது வெறும் சாயம். பல மோட்டார் கம்பெனியிலிருந்தே பாலியூரியா கிரீஸோடு வரும், அதன்மேல் லித்தியம் கிரீஸ் அடித்தால் சேராமல் இளகி ஓடிவிடலாம். பழைய கிரீஸில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். மணல் மாதிரி நெருடினால் தூசி, எண்ணெய் பிரிந்து, கிரீஸைக் கெட்டியாக்குகிற சோப்பு மட்டும் காய்ந்திருந்தால் சூடு. லேபிலும் ஓரிரு கிராம் கிரீஸை வைத்தே இரும்பு அளவு சொல்லிவிடுவார்கள்.

கொண்டலாம்பட்டி: சின்னப் பட்டறைங்க. இந்தச் செலவு கட்டுமா?

எல்லா மெஷினுக்கும் கட்டாது. நாலைந்து லிட்டர் சம்ப் என்றால் நாள் பார்த்து மாற்றிவிடுங்கள், அதுவே மலிவு. எது நின்றால் பட்டறையே நிற்குமோ, அந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு சாம்பிள். அப்புறம், வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற ஆயில் டிரம்மை இன்றே படுக்க வையுங்கள், இரண்டு மூடியும் ஒரே கிடைமட்டத்தில் இருக்கிற மாதிரி. நிற்க வைத்தால் மேலே தேங்குகிற மழைத்தண்ணீரை, ராத்திரி குளிர்ச்சியில் டிரம் மூடி வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.