மூன்று மாத லீவில் ஆஸ்திரேலியாவைச் சுற்ற முடியுமா?

மெல்பர்ன் வந்து மூன்று வருடம், கையில் பிஆர் எனும் நிரந்தர வாச அனுமதி, எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள். கூட வேலை பார்ப்பவர் மூன்று மாதம் குடும்பத்தோடு காரவனில், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீட்டில், நாட்டைச் சுற்றிவிட்டு வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நமக்கும் இது நடக்குமா, இல்லை அந்தப் பணத்தில் ஐரோப்பா போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

நடக்கும். ஆனால் அவர் எடுத்த லீவு உங்களுக்கு இன்னும் சேரவில்லை. அது லாங் சர்வீஸ் லீவ், ஒரே இடத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தால் கிடைக்கும் சம்பளத்தோடு கூடிய லீவு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வேலைக்கு வந்த ஆங்கிலேய அரசு ஊழியர்கள் கப்பலேறி ஊருக்குப் போய்வரட்டும் என்று கொடுத்தது. ஊரை விட்டு வந்தவனுக்காகவே பிறந்த லீவு! விக்டோரியாவில் ஒரே நிறுவனத்தில் 7 வருடம் முடித்தால் ஏறக்குறைய 6 வாரம் கிடைக்கும். பாதிச் சம்பளத்துக்கு அதை 12 வாரமாக்கித் தரச் சொல்லிக் கேட்கலாம். நியூ சவுத் வேல்ஸில் 10 வருடத்துக்கு இரண்டு மாதம். கம்பெனி மாறினால் பெரும்பாலும் கணக்கு முதலிலிருந்துதான். நம் ஆட்கள் ஆறரை வருடத்தில் கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்கு வேலை மாறுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அதற்காக இன்னும் நாலு வருடம் காத்திருங்கள் என்று சொல்லமாட்டேன். பெரிய பிள்ளைக்கு அப்போது பதினைந்து ஆகிவிடும், கூடாரத்தில் உங்களோடு படுக்க வருமா? வருடத்துக்கு 4 வாரம் கிடைக்கும் ஆண்டு விடுப்பைத் தொடாமல் வைத்தால் அடுத்த வருடத்துக்குச் சேரும். இரண்டு வருடத்து விடுப்போடு ஒரு மாதம் சம்பளமில்லா லீவும் சேர்த்தால் மூன்று மாதம் வந்துவிடும். சம்பளமில்லா லீவு மேனேஜர் மனசு வைத்தால்தான். சரி என்று தலையாட்டினால் போதாது. திரும்பும் தேதியும், அதே வேலை காத்திருக்கும் என்பதும் எழுத்தில் வரவேண்டும். நீங்கள் திரும்புவதற்குள் அவரே வேறு டீமுக்குப் போயிருக்கலாம்.

ஐரோப்பா இப்போது வேண்டாம் என்பேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இங்கே 4 வருட வாசம் வேண்டும். அந்த 4 வருடத்தில் வெளிநாட்டில் இருந்த நாட்கள் மொத்தம் 12 மாதத்தைத் தாண்டக்கூடாது, கடைசி 12 மாதத்தில் 90 நாளைத் தாண்டக்கூடாது. ஊரில் வயதான அப்பா அம்மா இருந்தால் அந்த 90 நாள் திடீரென்று தேவைப்படும். உள்நாட்டில் சுற்றினால் ஒரு நாளும் குறையாது.

லீவு உறுதியானதும் மாதத்தைப் பாருங்கள், பாதையை அப்புறம் பார்க்கலாம். வடக்கே மே முதல் அக்டோபர் வரைதான் வறண்ட காலம். மற்ற மாதங்களில் மழை, புயல், மூடிய சாலைகள். மே கடைசியில் கிளம்பி, அடிலெய்ட் வழியாகப் போர்ட் அகஸ்டா போய், அங்கிருந்து ஸ்டூவர்ட் ஹைவேயில் டார்வின் போகலாம். அந்த ஹைவே மட்டும் சுமார் 2,700 கிலோமீட்டர். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போகாதீர்கள். ஜூன், ஜூலையில் நாட்டின் நடுவிலுள்ள உலுரு பாறைப் பக்கம் சில இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். நாட்டை முழுதாகச் சுற்றும் ஹைவே 1 சுமார் 14,500 கிலோமீட்டர். மூன்று மாதத்தில் முடிக்கலாம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு முன்சீட்டின் முதுகுதான் நினைவிருக்கும்.

காரவன் ஆசை எல்லோருக்கும் வருவதுதான். இழுத்துப் பழக்கமில்லாதவர் ரிவர்ஸ் எடுக்கும்போது தெரியும். காரவனின் பின்பக்கம் இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பவேண்டும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பினாலும் காரும் காரவனும் மடங்கி நிற்கும். பின்னால் மனைவி ஒரு கையைக் காட்ட, நீங்கள் இன்னொரு பக்கம் திருப்ப, பக்கத்துக் கூடாரக்காரர்கள் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். ஒரு கூடாரம் வாங்குங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை காரவன் பார்க்கிலேயே கிடைக்கும் கேபினில் தங்கித் துணி துவைத்துக்கொள்ளுங்கள். காரவன் இழுக்காவிட்டால் முந்துவதும் சுலபம்: வடக்கே ரோடு டிரெயின் எனும் லாரித் தொடர்கள் 53.5 மீட்டர் நீளம் வரை வரும். பொழுது சாயும் முன் வண்டியை நிறுத்திவிடுங்கள், கங்காரு சாலைக்கு வரும் நேரம் அது.

பள்ளிக்கு முதல்வரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, வழியில் படிக்கப் பாடம் கேட்டு வாங்குங்கள். தெற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழ ஈக்குப் பயந்து பழங்களுக்கும் பல காய்களுக்கும் தடை. காரில் இருப்பதை அதற்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள்.

புதிதாக வந்தவர்கள் கோட்டைவிடுவது ஆம்புலன்ஸ். அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அந்தச் செலவைத் தராது. விக்டோரியா ஆம்புலன்ஸ் உறுப்பினராகக் குடும்பத்தோடு சேர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். பெரிய ஊர்களை விட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனில் சிக்னல் இருக்காது என்பதால், செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் பிஎல்பி என்ற கருவி ஒன்றும் வேண்டும். கைக்குள் அடங்கும். அரசின் கடல் பாதுகாப்பு அமைப்பான ஆம்சாவில் இலவசமாகப் பதிந்து, பயணத் திட்டத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள். டிக்கியில் மூட்டைக்கு அடியில் போடாமல் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், பெரிய பிள்ளைக்கும் அதை இயக்கக் கற்றுக்கொடுங்கள்.