திங்கட்கிழமைக் கூட்டத்தை முதலில் மாற்றுங்கள்

கேள்வி: யாழ்ப்பாண நகரத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை முகாமையாளராக இருக்கிறேன். லீசிங்கும் சிறுகடனும்தான் எங்கள் வேலை. பதினான்கு ஊழியர்கள். ஒரு வருடத்துக்குள் நால்வர் விலகிவிட்டார்கள். இருப்பவர்களில் சிலர் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார்கள், சிலர் வாயே திறப்பதில்லை. ஊழியர்களின் மனவுறுதியை வளர்க்க யோகா, தியானம், பேச்சாளர் என்று ஒருநாள் பயிற்சிப்பட்டறை வைக்கும்படி கொழும்புத் தலைமையகம் சொல்கிறது. பலன் இருக்குமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: பட்டறையை வையுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். அடுத்த நாள் காலை அதே கூட்டம், அதே ஏச்சு என்றால் முதல்நாள் இழுத்து விட்ட மூச்செல்லாம் வீண். பிரித்தானியாவில் 46,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனவுறுதிப் பயிற்சி, மன அழுத்த வகுப்பு, தியானச் செயலி போன்றவற்றில் பங்கெடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட நன்றாக இருப்பதாக அதில் தெரியவில்லை. ஒரேதடவை திரட்டிய தரவு என்பதால் அதை முடிந்த முடிபாக நான் கொள்ளமாட்டேன். ஆனாலும் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது பெரிய புதினமில்லை.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பாருங்கள். வேலைச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூன்று அடையாளம் சொன்னது: தீராத களைப்பு, வேலைமீது வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை, தன் வேலையில் தனக்கே நம்பிக்கை குறைவது. அதை ஒரு நோயாக அது வகைப்படுத்தவில்லை. நாட்பட்ட வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றே வரையறுத்தது. ஆகவே ஆளைத் திருத்துவதற்கு முன் வேலையைப் பாருங்கள்.

எந்த வேலையை? வீடுவீடாகத் தவணை அறவிடப் போகும் உங்கள் வெளிக்கள உத்தியோகத்தரின் ஒரு திங்கட்கிழமையை எடுப்போம். காலை எட்டரைக்குக் கூட்டம். நிலுவைப் பட்டியலை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கிறீர்கள். யாருடைய பகுதியில் எத்தனை தவணை விழுந்திருக்கிறது என்பது பெயரோடு வருகிறது. பிறகு மோட்டார் சைக்கிளில் வடமராட்சிக்குப் போகிறார். அங்கே ஒரு வீட்டில் கணவன் இல்லாத பெண், இரண்டு பிள்ளைகள், மூன்று நிறுவனங்களின் கடன் புத்தகங்கள். 'தம்பி, அடுத்த கிழமை கட்டாயம் தாறன்' என்று அழுகிறார். அந்த அக்காவை இவருக்கு ஏற்கெனவே தெரியும், வெள்ளிக்கிழமை கோயிலில் காண்கிற முகம். தவணையைத் தள்ளிவைக்க இவருக்கு அதிகாரம் இல்லை. கிளைக்கு அழைத்தால் 'வாங்கிக்கொண்டு வாரும்' என்கிறார்கள். இரவு ஒன்பதரைக்கு வட்ஸ்அப் குழுவில் அன்றைய அறவீட்டு அட்டவணை வருகிறது, அவருடைய வரி சிவப்பில். இவருடைய அம்மாவும் வேறொரு நிறுவனத்தில் குழுக்கடன் எடுத்தவராக இருக்கலாம்.

இந்தப் பையனுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்து என்ன செய்வது?

வேலைப்பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை. பளு கூடவும் தீர்மானிக்கும் உரிமை குறையவும் இருக்கும் வேலைதான் முறிக்கும் என்று 1979இலேயே ரொபேர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிவிட்டார். உங்கள் கிளையில் பளுவைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை, இலக்கு கொழும்பில் இருந்து வருகிறது. உரிமையைக் கூட்டுவது ஓரளவுக்கு உங்கள் கையில் இருக்கிறது. ஒரு தவணையை ஒரு கிழமைக்குத் தள்ளிவைக்க, மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள், கேட்காமலே முடிவெடுக்கும் அதிகாரத்தை வெளிக்கள உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுங்கள். சொந்த ஊரில் யாரையும் அறவீட்டுக்கு விடாதீர்கள். தகராறு வரக்கூடிய வீடுகளுக்கு இருவராக அனுப்புங்கள். எரிபொருள் செலவு கூடும்தான், நால்வரைப் புதிதாக எடுத்துப் பழக்கிய செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பட்டியல் வாசிப்பதை நிறுத்துங்கள். நிலுவை பற்றித் தனித்தனியாகப் பேசலாம். கூட்டத்தில் 'இந்தக் கிழமை எந்த வீட்டுக்குப் போகக் கஷ்டமாயிருக்கு?' என்று கேளுங்கள். முதல் சில கிழமை ஒருவரும் பேசமாட்டார்கள். பேசுகிறவரை நீங்கள் மடக்கினால் பிறகு எப்போதுமே பேசமாட்டார்கள். வட்ஸ்அப் குழு வேலை நேரம் முடிந்ததும் மூடட்டும். இது தயவு அல்ல. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று வரம்பு வைத்திருக்கிறது. மேலதிக நேரத்துக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. இரவு அட்டவணைக்குப் பதில் எழுதுவதும் வேலைதானே. லீவும் அப்படித்தான். சட்டம் கொடுத்த லீவைக் கேட்கவே பயப்படுகிற கிளையில் மனநலத்தைப் பற்றிப் பேச இடமில்லை. மே மாதத்தில் யாராவது ஒருநாள் லீவு கேட்டால் காரணம் கேட்காமல் கொடுங்கள். 2009இல் யார் வீட்டில் யார் போனார்கள் என்பது சம்பளப் பட்டியலில் இருக்காது.

இனி தனியாள் விஷயம். ஒருவர் மாறிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தால் நீங்களே பேசுங்கள், பேச்சாளரைத் தேட வேண்டாம். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டால் முழு அலுவலகமும் பார்க்கும், வெளியே ஒரு பிளேன்ரீயோடு இருப்பது நல்லது. 'உமக்கு என்ன பிரச்சினை?' என்று தொடங்கினால் 'ஒண்டுமில்லை சேர்' என்றுதான் வரும். கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: 'இரண்டு கிழமையாப் பாக்கிறன், நீர் மத்தியானம் சாப்பிட எழும்பிறேல்லை. வேலையில நான் மாத்தக்கூடியது ஏதும் இருக்கோ?' பிறகு பேசாமல் இருங்கள். புத்திமதி வேண்டாம், 'நாங்கள் படாத கஷ்டமோ' என்ற பேச்சு அறவே வேண்டாம். போரையும் இடப்பெயர்வையும் 2022 எரிபொருள் வரிசையையும் தாண்டி வந்த சனத்துக்கு உறுதி போதாது என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

வெளிக்களத்தில் உங்கள் ஊழியரை யாராவது அடித்தாலோ வெருட்டினாலோ, அன்று மாலையே எல்லோரையும் இருத்தி நடந்ததை விவரிக்கச் செய்யாதீர்கள். கட்டாயப்படுத்திப் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. வீட்டுக்குப் பத்திரமாக அனுப்புங்கள், அடுத்த நாள் நிலைமையை விசாரியுங்கள், பேச விரும்பினால் கேளுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார், 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்கிறார் என்றால் அது உங்கள் எல்லைக்கு அப்பால். கடைசியாகச் சொன்னதைக் கேட்டால், சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அன்றே உதவி கிடைக்கும்வரை தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு, உளவளத்துணைக்குச் சாந்திகம் என்ற நிலையம் இருக்கிறது. இங்கே தடை பணமல்ல. 'ஆரும் கண்டால் விசர் எண்டு கதை கட்டுவினம்' என்ற பயம்தான். ஆகவே சிகிச்சைக்குப் போகிறவரிடம் என்ன நோய் என்று எழுதிய கடிதம் கேட்க வேண்டாம். அரைநாள் லீவு, காரணம் 'மருத்துவம்'. அந்த ஒரு சொல்லுக்கு மேல் கோப்பில் எதுவும் இருக்கக்கூடாது, கணக்காளருக்கும் தெரியக்கூடாது.

தலைமையகத்துக்கு என்ன எழுதுவது? பட்டறைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒருநாள் பயிற்சியை உங்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் கேளுங்கள். முகாமையாளர்களைப் பயிற்றுவிப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டல்கள் பரிந்துரைக்கின்றன, அதைக் கடிதத்தில் குறிப்பிடலாம். கூடவே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: முதல் காலாண்டில் லீவு விண்ணப்பமும் முறைப்பாடும் கூடும். அதுவரை உள்ளே அடக்கி வைத்திருந்தது வெளியே வருவதால்தான் அப்படி. அந்த எண்ணிக்கையைக் கண்டு பயந்து திட்டத்தை நிறுத்திவிட வேண்டாம் என்று கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதுங்கள்.